ஒரே கறுப்பு வைரம், நான்கு சோதனைகள்
மலைமிதிவண்டிப் பாதைகளின் அறிவியல்

மலைச்சரிவில் ஒரு ஒற்றையடிப் பாதை தொடங்குகிறது. அதன் முகப்பில் ஒரு பலகை. பலகையில் கறுப்பு நிறத்தில் வைர வடிவம் ஒன்று வரையப்பட்டிருக்கிறது. மிதிவண்டியில் வருபவர் அதைப் பார்த்ததும் நின்று யோசிக்கிறார்.

வட அமெரிக்காவில் மிதிவண்டிக்கென ஒதுக்கப்பட்ட மலைப்பாதைகள் பலவற்றில் இத்தகைய குறிகளைக் காணலாம். பச்சை வட்டம் என்றால் எளிய பாதை. நீலச் சதுரம் என்றால் நடுத்தரம். கறுப்பு வைரம் என்றால் கடினம். வைரம் இரண்டாக இருந்தால் மிக மிகக் கடினம். பனிச்சறுக்கு விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்ட குறிகள் இவை. பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று வேறொரு வரிசை.

இப்போது ஒரு கேள்வி. பாலைவனத்தில் கறுப்பு வைரப் பாதையில் தேர்ச்சி பெற்ற ஒருவர், மழைக்காட்டுக்குப் போகிறார். அங்கும் கறுப்பு வைரம். 'இதைத்தான் ஏற்கெனவே ஓட்டிவிட்டோமே' என்று அவர் துணிந்து இறங்கலாமா?

இறங்கினால் ஆபத்து. ஏனென்றால் அந்தக் குறி, அந்த வட்டாரத்தின் மற்றப் பாதைகளோடு ஒப்பிட்டுப் போடப்பட்டது. பாதை கடினம் என்று அது சொல்கிறது. எதனால் கடினம் என்று சொல்வதில்லை. அதை மண்ணும் பாறையும் தண்ணீருமே சொல்ல வேண்டும். அவற்றின் மொழியை நாம் சற்றுக் கற்றுக்கொள்வோம். அதற்காக வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நான்கு இடங்களைப் பார்த்து வருவோம்.

முதலில் ஒரு சோதனை

புறப்படுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மிதிவண்டி டயரிலிருந்து கையகலத் துண்டு ஒன்றை வெட்டிப் பலகையின் மேல் வையுங்கள். அதன்மேல் ஒரு சிறிய கல்லைக் கட்டிக்கொள்ளலாம். பலகையின் ஒரு முனையை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். ஒரு குறிப்பிட்ட சரிவு வரும்வரை டயர்த்துண்டு அசையாது. பிறகு திடீரென்று வழுக்கும். அந்த நிலையில் பலகையின் முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தரையில் அதன் அடிப்பக்கம் எவ்வளவு நீளம் என்று அளந்துகொள்ளுங்கள். உயரத்தை அடிப்பக்கத்தால் வகுத்தால் வரும் எண்ணே உராய்வுக் குணகம். உயரமும் அடிப்பக்கமும் சமமானால் குணகம் 1. சரிவு 45 பாகை.

இப்போது பலகையின் மேல் ஒரு கைப்பிடி கடுகைத் தூவிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். பலகையைச் சற்று உயர்த்தியதுமே டயர்த்துண்டு ஓடிவிடும். அடுத்து, பலகையில் குழைத்த களிமண்ணைப் பூசிச் செய்து பாருங்கள். பலகை அதே பலகை. டயரும் அதே டயர். ஆனால் மூன்று முறையும் மூன்று விடைகள்!

மிதிவண்டி தரையோடு கொள்ளும் உறவு முழுவதும், இரண்டு டயர்களும் தரையைத் தொடும் இரண்டு சிறிய இடங்களில்தான் இருக்கிறது. அந்த இடங்கள் எவ்வளவு பெரியவை? ஒரு சக்கரத்தின்மேல் 40 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோ என்றால், தொடும் பரப்பு சுமார் 27 சதுர சென்டிமீட்டர். தீப்பெட்டி ஒன்றின் மேற்பரப்பைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். காற்றழுத்தத்தை 3 கிலோவாக உயர்த்தினால் அது பாதியாகிவிடும். மலைமிதிவண்டிக்கு அகலமான டயர் பூட்டி, காற்றைக் குறைவாக அடிப்பது இதனால்தான்.

அந்தச் சிறிய பரப்பில் கிடைக்கும் பிடி மூன்று வேலைகளுக்குப் பங்கிடப்படுகிறது: சரிவில் நழுவாமல் நிற்க, பிரேக் பிடிக்க, வளைவில் திரும்ப. ஒன்றுக்குக் கூடுதலாகச் செலவழித்தால் மற்றவற்றுக்குக் குறையும். வளைவில் முழு பிரேக் பிடிப்பவர் கீழே விழுவதன் காரணம் இதுவே.

காலிஃபோர்னியா: உருளும் சரளை

நமது முதல் நிறுத்தம், மலைமிதிவண்டி விளையாட்டு உருவான இடங்களுள் முதன்மையானது. சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் மாவட்டம். அங்கே டமால்பைஸ் மலை. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பருத்த டயர் மிதிவண்டிகளைப் பழைய கடைகளில் தேடிப் பிடித்து, மலைமேல் கொண்டுபோய்க் கீழ்நோக்கி ஓட்டத் தொடங்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஒரு காட்டுச் சாலையில் முதல் போட்டி நடந்தது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய மிதிவண்டி ஒன்றைச் செய்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டிப் பந்தயம் இடம்பெற்றது. இருபதே ஆண்டுகளில் எவ்வளவு வளர்ச்சி!

அந்தக் காட்டுச் சாலையின் பெயர் 'ரீபேக்'. 'மீண்டும் நிரப்புதல்' என்று பொருள். எதை நிரப்புவது? பழைய வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள் பிரேக் பிடிக்கும். சாலை 3.4 கிலோமீட்டரில் சுமார் 400 மீட்டர் இறங்குகிறது. ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்று கொண்டால், இழக்கும் நிலையாற்றல் 100 × 9.8 × 400, அதாவது 3,92,000 ஜூல். இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. ஒரு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது! குடத்துக்குள் இருந்த கிரீஸ் புகைந்து தீய்ந்துபோகும். ஒவ்வொரு முறையும் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸ் நிரப்ப வேண்டும். பெயரின் கதை அதுதான்.

இந்தச் சாலையின் சராசரிச் சரிவைக் கணக்கிட்டால் 7 பாகைகூட இல்லை. பிறகு ஏன் சறுக்கினார்கள்? விடை நமது கடுகில் இருக்கிறது. மரின் பகுதியில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடையில் அநேகமாக மழையே இல்லை. வறண்டு இறுகிய தரைமேல் உதிர்ந்த சரளைக்கற்கள் கிடக்கும். டயர் அவற்றின்மேல் ஏறியதும் கற்கள் உருளுகின்றன. தாங்கு உருளைகளைப் போல் வேலை செய்கின்றன.

இதனால் வளைவில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். சமதரையில் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று. அதில் வழுக்காமல் செல்லத்தக்க உச்ச வேகத்தின் வர்க்கம், உராய்வுக் குணகம் × 9.8 × ஆரம். கணக்குக்காகத் தோராயமாகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். சொரசொரப்பான காய்ந்த பாறையில் குணகம் 0.9 என்றால், உச்ச வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். சரளையில் 0.5 என்றால், 25 கிலோமீட்டர். ஈரமான மரவேரில் 0.2 என்றால், வெறும் 16 கிலோமீட்டர். எனவே, பாறையில் பழகியவர் அதே வேகத்தில் சரளை வளைவுக்குள் நுழைந்தால், வளைவு முடியுமுன்பே வண்டி பாதையை விட்டு வெளியேறிவிடும்.

அதே மரின் சாலையில் குளிர்கால மழைக்குப் பின் பிடி கூடுவதும் உண்டு. மணலில் வீடு கட்டி விளையாடியவர்களுக்குக் காரணம் தெரியும். காய்ந்த மணல் சரியும். சற்று ஈரமான மணல் நிற்கும். மண்துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் தன் பரப்பு இழுவிசையால் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. தண்ணீர் மிகுந்துவிட்டால் இந்தப் பிடி போய்விடும், மணல் குழம்பாகும்.

மோவாப்: வழுக்காத வழுக்குப் பாறை

அடுத்து யூட்டா மாநிலத்திலுள்ள மோவாப் என்னும் சிற்றூர். பாலைநிலம். ஊருக்கு வெளியே பரந்து கிடக்கும் மணற்பாறைமேல், சுமார் 17 கிலோமீட்டர் சுற்று வரும் ஒரு பாதை. 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்காக அமைக்கப்பட்டது. பின்னர் மிதிவண்டியினரின் யாத்திரைத் தலமாகிவிட்டது. பாறைமேல் பாதை ஏது? வெள்ளைச் சாயத்தால் தீட்டிய கோடுகளே வழிகாட்டி.

இந்தப் பாறையின் பிறப்பு வியப்பானது. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே காற்று குவித்த மணல்மேடுகள் இருந்தன. அவை புதைந்து, இறுகி, கல்லாகிவிட்டன. அந்த மேடுகளின் சாய்ந்த அடுக்குகளை இன்றும் பாறையில் வரிவரியாகக் காணலாம்.

இதற்கு 'வழுக்குப் பாறை' என்று பெயர். ஆனால் மிதிவண்டி இதில் வழுக்குவதில்லை! பழங்காலத்தில் குதிரையில் வந்தவர்கள் வைத்த பெயர் அது. குதிரையின் இரும்பு லாடம் கடினமானது. பாறையின் மணற்பருக்கைகளின் உச்சிகளை மட்டும் தொட்டுச் சறுக்கும். ரப்பர் அப்படியல்ல. அது நெகிழ்ந்து பருக்கைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் புகுந்து பிடித்துக்கொள்கிறது. உப்புத்தாளில் அழிப்பானை வைத்துத் தள்ளிப் பாருங்கள், புரிந்துவிடும்.

பிடி இவ்வளவு நன்றாக இருந்தால் இந்தப் பாதை எளிதாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கேதான் இரண்டாவது சோதனை வருகிறது. சக்கரம் வழுக்காது, ஆனால் வண்டி கவிழும்!

ஆளும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் உயரத்திலும், முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னாலும் இருப்பதாகக் கொள்வோம். சரிவில் இறங்கும்போது, ஈர்ப்பு மையத்திலிருந்து விடும் தூக்குநூல் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் கடந்து முன்னால் விழுந்தால், ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். 60ஐ 110ஆல் வகுத்தால் சுமார் 0.55. இது சுமார் 29 பாகைச் சரிவுக்கு ஒப்பாகும். அதற்கு மேல் போனால் கவிழ்ப்புதான்.

இதைத் தவிர்க்க ஓட்டுபவர் என்ன செய்கிறார்? இருக்கையிலிருந்து எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் மடக்கி, உடலைப் பின்னாலும் கீழேயும் கொண்டுபோகிறார். ஈர்ப்பு மையம் 95 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்து, 85 சென்டிமீட்டர் பின்னுக்குப் போனால், கவிழும் சரிவு சுமார் 42 பாகையாக உயர்ந்துவிடும். வண்டியில் ஒன்றையும் மாற்றவில்லை; உடலின் இருப்பை மட்டும் மாற்றினார். இன்றைய மலைமிதிவண்டிகளில் ஒரு விசையை அழுத்தி, ஓடும்போதே இருக்கையைத் தாழ்த்த வசதி உண்டு. அது சொகுசுக்காக அன்று, இந்தக் கணக்குக்காகவே.

மரினில் முன்பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் சறுக்கும். மோவாபில் அதே பிரேக்கை அதே அளவு பிடித்தால் வண்டி ஓட்டுபவரையே தூக்கி எறியும். பிடி குறைவதும் ஆபத்து. பிடி மிகுவதும் ஆபத்து!

ஃப்ரூட்டா: ஒட்டிக்கொள்ளும் மண்

மோவாபிலிருந்து வடகிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் சென்றால் கொலராடோ மாநிலத்தில் ஃப்ரூட்டா என்ற ஊர் வரும். இதுவும் வறண்ட பகுதிதான். வானிலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மண் முற்றிலும் வேறு.

ஊருக்கு வடக்கே உள்ள குன்றுகளின் அடிவாரம் சாம்பல்நிறக் களிப்பாறையால் ஆனது. டைனசோர்கள் வாழ்ந்த காலத்தின் பிற்பகுதியில் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறே இந்தப் பாறை. எரிமலைச் சாம்பலும் அந்தக் கடலில் விழுந்து, காலப்போக்கில் ஒருவகைக் களிமண்ணாக மாறியது. காய்ந்திருக்கும்போது இந்த மண்ணில் பாதை சிமெண்டுத் தரைபோல் வழவழப்பாக, வளைந்து நெளிந்து ஓடும். மிதிவண்டிக்கு இதைவிட இன்பமான தரை அரிது.

ஒரு மழை பெய்யட்டும். கதையே மாறிவிடும்!

இந்தக் களிமண்ணின் துகள்கள் மிக மெல்லிய தகடுகளின் அடுக்குகள். தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. மண் உப்புகிறது, பசைபோல் ஆகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு படலம் ஒட்டும். மறு சுற்றில் அதன்மேல் இன்னொரு படலம். சில மீட்டர் தூரத்துக்குள் டயர் இருமடங்கு பருத்து, முன்கவைக்கும் சக்கரத்துக்கும் இடையே மண் அடைத்துக்கொள்ளும். பிறகு சக்கரம் சுற்றவே சுற்றாது. வண்டியைத் தோளில் சுமக்க வேண்டியதுதான். அதுவும் மண்ணின் எடையோடு!

இது நமக்குப் புதிய செய்தியா? கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில், ஐப்பசி மழைக்குப் பிறகு மிதிவண்டியை உருட்டிச் சென்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். மட்கார்டுக்குள் மண் அடைத்து, குச்சியால் குத்திக் குத்தி எடுத்த கதையைச் சொல்வார்கள். கரிசல் மண்ணிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த களிமண் கனிமமே இருக்கிறது. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிப்பதும், மழையில் உப்பி மூடிக்கொள்வதும் அதன் வேலையே.

ஆக, மழைக்குப் பின் மரினில் பிடி கூடலாம்; மோவாபின் பாறை விரைவில் காய்ந்துவிடும்; ஃப்ரூட்டாவிலோ பாதையே மூடப்பட்டதற்குச் சமம். மழை ஒன்று, விளைவு மூன்று.

வடகரை: வேர்களும் மரப்பாலங்களும்

இறுதியாகக் கனடா செல்வோம். வான்கூவர் நகருக்கு எதிரே, கடற்கழிக்கு அப்பால் எழும் மலைகளை 'வடகரை' என்பார்கள். பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. வானளாவிய தேவதாரு இன மரங்கள், பாசி, சேறு, எப்போதும் ஈரம்.

மண் மெல்லியது, அடியில் பாறை. ஆகவே மரங்களின் வேர்கள் ஆழப் போகாமல் தரையோடு தரையாகப் பரவுகின்றன. ஈரமான வேரின்மேல் நீர்ப்படலமும் பாசியும் வழுவழுப்பை உண்டாக்குகின்றன. வேர் பாதைக்குக் குறுக்கே நேராகக் கிடந்தால் தொல்லை குறைவு. சக்கரம் ஏறி இறங்கிவிடும். சாய்வாகக் கிடந்தால்தான் வினை. சக்கரம் வேரின் சரிந்த பக்கத்தில் படுகிறது. எடை அதனைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தடுத்து நிறுத்த உராய்வு இல்லை. முன்சக்கரம் வேரோடு வழுக்கி ஓடிவிடும். எனவே வேரைச் செங்கோணத்தில் கடக்க வேண்டும்; கடக்கும் கணத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது. பிடிப்பதென்றால் வேர் வருமுன்பே பிடித்துவிட வேண்டும்.

சேற்றையும் ஓடைகளையும் தாண்ட, இங்கே பாதை அமைத்தவர்கள் விழுந்த தேவதாரு மரங்களைப் பிளந்து, ஏணிபோல் சட்டங்கள் அடித்து, பாலங்கள் கட்டினார்கள். எளிதில் உளுத்துப்போகாத மரம் அது. நாளடைவில் இந்தப் பாலங்களே விளையாட்டாகிவிட்டன. சில, ஒரு சாண் அகலமே உள்ளவை. சில, தலைக்கு மேல் உயரத்தில் செல்பவை!

இங்குள்ள சோதனை, சமநிலை. ஓடும் மிதிவண்டி விழாமல் இருப்பது எப்படி? வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவர் தம்மையறியாமல் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்புகிறார். சக்கரங்கள் உடலின் அடிக்கு வந்துவிடுகின்றன. அதாவது, மிதிவண்டி நேராகப் போவதே இல்லை. ஓயாமல் சிறிது இடமும் வலமுமாக நெளிந்துகொண்டே போகிறது. வேகம் குறையக் குறைய நெளிவு பெரிதாகும். புழுதித் தெருவில் மெல்ல ஓட்டிவிட்டுத் தடத்தைத் திரும்பிப் பாருங்கள், நெளிவு தெரியும். ஒரு சாண் பாலத்தில் நெளிய இடம் ஏது? வேகமாகப் போனால் ஈரமரம் வழுக்கும். மெதுவாகப் போனால் நெளிவு பாலத்தை மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய வேக எல்லையைக் கண்டுபிடிப்பதே அங்குள்ளவர்களின் திறமை.

மண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு

நான்கு இடங்களையும் பார்த்துவிட்டோம். சரளையில் சறுக்கல், பாறையில் கவிழ்தல், களியில் ஒட்டல், மரப்பாலத்தில் தள்ளாட்டம். பலகையில் இருப்பது ஒரே கறுப்பு வைரம். அது வைக்கும் தேர்வோ நான்கு. ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் மீண்டும் முதல் வகுப்பு மாணவரே.

ஓட்டுபவர் மட்டுமன்று, பாதையும் காயப்படும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஈரக்களியில் பதிந்த சக்கரத்தடம் காய்ந்ததும் கல்போல் இறுகுகிறது. அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாகக் கொண்டு ஓடி, மண்ணை அரித்துச் செல்கிறது. சில ஆண்டுகளில் பாதை ஓடையாகிவிடும். ஆகவே, 'டயரில் மண் ஒட்டினால் திரும்பிவிடு' என்பது அங்கெல்லாம் ஒரு நல்ல பழக்கம். பாதை அமைப்போருக்கும் ஒரு விதி உண்டு: பாதையின் சரிவு, அது செல்லும் மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் மழைநீர் பாதை வழியே ஓடாமல் குறுக்கே கடந்து போகும்.

மோவாபில் பாறைகளுக்கு இடையே உள்ள மணலின்மேல் கறுத்த பொருக்கு ஒன்று படர்ந்திருக்கும். அது உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசிகள், பூஞ்சைகள் முதலியவை மணலைக் காற்று அடித்துப் போகாமல் கட்டிவைத்திருக்கின்றன. ஒரு சக்கரம் அதன்மேல் ஏறினால் நொறுங்கிவிடும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெள்ளைக் கோட்டை விட்டு விலகாதே என்பது ஓட்டுபவரின் பாதுகாப்புக்கு மட்டும் சொன்னதல்ல.

மாணவர்களே! உங்களிடம் மலைமிதிவண்டி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பள்ளிக்குச் செல்லும் வழியில் தார்ச்சாலை இருக்கும். அதன் ஓரத்தில் சரளை இருக்கும். எங்கேனும் மணல் இருக்கும். மழைநாளில் சேறும் இருக்கும். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தை நாளைக்குக் கவனித்துப் பாருங்கள். அந்த ஓர் அடி தூரத்தில் உராய்வுக் குணகம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. பிரேக்கை எங்கே பிடிக்க வேண்டும், சரளைக்கு முன்பா, சரளையின் மேலா? விடை உங்களுக்கே தெரியும்.